காரணம் சொல்ல வேண்டாம்

டெலிபோன் அலறியது.

வெல்டன் கவுன்ட்டி கோர்ட்டின் ரெக்கார்ட் கவுன்ட்டர். மணி நாலு இருபது.

முப்பது வருஷமாக அங்கே குப்பை கொட்டும் நடீன் ஹ்ருஸ்கா ரிசீவரை எடுத்தாள்.

ஆண் குரல். ஒரு கேஸ் கட்டைப் பார்க்க என்ன வழி என்று அதட்டியது. கேஸ் நம்பர், இல்லாவிட்டால் பெயர். நேரில் வந்து ஃபாரம் நிரப்பினால் போதும், காரணம் சொல்ல வேண்டாம் என்றாள்.

"பேரு லியான் ஸ்ட்ராம்."

நடீனுக்கு நன்றாகத் தெரிந்த பெண் லியான்.

லியானின் தாடையை உடைத்தவன் கர்ட்... அவளுடைய முன்னாள் புருஷன். அவளை நெருங்கக்கூடாது என்று நீதிபதி போட்ட தடை உத்தரவு பதினோரு வாரமாகக் காத்திருக்கிறது. அவன் கையில் கொடுத்தால்தான் செல்லும்! ஆளோ தலைமறைவு. இன்று ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் உத்தரவு வெறும் காகிதம்.

அவன் முகம் இங்கே லியானைத் தவிர யாருக்கும் தெரியாது.

நடீன் அவசரமாக இரண்டு போன் செய்தாள். மாடிக்கு ஒன்று... கீழ்த்தளத்துக்கு ஒன்று.

நாலு நாற்பது. தொப்பி போட்ட தடியன் ஒருவன் கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றினான். எதிர் பெஞ்சில் ஒரு கிழவர் கொலாச்சி ரொட்டியைச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தார்.

தடியன் ஃபாரத்தில் உறவு என்ற இடத்தில் 'நண்பர்' என்று கிறுக்கினான். நடீன் நாலு பக்கம் நகலெடுத்து நீட்டினாள். கடைசித் தாளில் '4/5' என்று பார்த்தவன் முகம் சிவந்தது.

"அஞ்சாம் பக்கம் எங்கடி?"

"அது வெளி ஆளுங்களுக்குக் கிடையாது. அவ எங்க வேலை பாக்குறான்னு அதுலதான் இருக்கு. கேஸ்ல பேர் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் குடுப்போம்."

"கிழட்டு மூதேவி! எடுத்துக் குடு!"

"ரூல்னா ரூல்தான். நீங்கதான் நண்பராச்சே... போயிட்டு வாங்க."

அவன் பல்லைக் கடித்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பர்ஸைப் பிரித்து டிரைவிங் லைசென்ஸை மேஜையில் அறைந்தான்.

கர்ட் ஸ்ட்ராம்!

"நான்தாண்டி அவ புருஷன். இப்பக் குடு!"

நடீன் தொண்டையைச் செருமினாள். பெஞ்சிலிருந்த கிழவர் எழுந்து வந்து, கோட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"அஞ்சு பக்கமும் இருக்கு தம்பி. நான் போலீஸ் டெப்யூடி ஓடிஸ். நாலு ஐம்பத்தொண்ணுக்கு உத்தரவைக் குடுத்தாச்சு. நல்லாப் படிச்சுக்கோ."

கர்ட் நேரே கடைசிப் பக்கத்துக்குப் பாய்ந்தான். வேலை பார்க்கும் இடம்: வெல்டன் கவுன்ட்டி கோர்ட், இரண்டாம் மாடி, பத்திரப் பிரிவு.

அவன் இளித்தான். அடுத்த நொடி மாடிப்படிக்கு ஓடினான்.

மேலே லியானின் கதவு எப்போதோ பூட்டியாகிவிட்டது. ஆறாவது படியில் இரண்டு போலீஸ்காரர்கள் காத்திருந்தார்கள்.

விலங்கு மாட்டி இறக்கினார்கள். அவன் கத்தினான். என்ன குற்றம் செய்தேன் என்றான்.

"மூணாம் பக்கம்," என்றார் ஓடிஸ். "அவ வேலை பாக்குற இடத்துக்கு முந்நூறு அடிக்குள்ள நிக்கக்கூடாது. நீ படியே ஏறிட்ட."

கர்ட் நடீனை முறைத்தான்.

நடீன் ஒரு புது ஃபாரத்தை அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"நாளைக்கு உன் பேர்லயும் ஒரு கேஸ் நம்பர் விழும். நகல் வேணும்னா இதை நிரப்பி அனுப்பு... காரணம் சொல்ல வேண்டாம்."