என்ன சாப்பிட்டே?

தென்கொரியாவில் எங்கள் ஜொன்ஜூ ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். பதிலும் ஒன்றுதான்: "ஆச்சு." வயிறு காந்தினாலும் அப்படித்தான் சொல்வோம். இல்லையென்று சொல்லி அடுத்தவரைக் கவலைப்பட வைப்பானேன்?

நாரேயின் அண்ணன் இன்சோப் கல்லூரியில் முதலாண்டு படித்தான். கொஞ்ச நாளாக அவன் வகுப்புக்குப் போவதில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பத்து வயது நாரேக்கு வீடே இருண்டுபோன மாதிரி இருந்தது.

அம்மா விடியும் முன்பே சந்தைக்குக் கிம்ச்சி என்கிற முட்டைக்கோஸ் ஊறுகாய் விற்கப் போய்விடுவாள். மதியம் போனில் அதே கேள்வியைக் கேட்பாள். அண்ணன் "ஆச்சும்மா" என்பான்.

மாணவர்கள் மனம் நொந்து போகாமல் பார்த்துக்கொள்ள, கல்லூரி எல்லோருடைய போனிலும் ஒரு செயற்கை நுண்ணறிவுத் தோழனைக் கொடுத்திருந்தது. அதன் பெயர் மாரு. அதுவும் ஊர் வழக்கம் தெரிந்த பிள்ளை. சாப்பாட்டைத்தான் முதலில் விசாரிக்கும். அண்ணன் "ஆச்சு" என்று தட்டுவான். மாருவும் சந்தோஷப்பட்டுக்கொண்டு போய்விடும்.

அன்று நாரே பள்ளி விட்டு வந்தபோது, அண்ணனுக்கு வைத்த சோறு மேசையிலேயே காய்ந்து கிடந்தது. உள்ளே அவன் மாருவுக்கு "ஆச்சு" என்று தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன சாப்பிட்டே?" என்று கேட்டாள் நாரே.

"உனக்கெதுக்கு? போய்ப் படி."

"மாருவுக்குத்தான் கண்ணு இல்ல. எனக்கு இருக்கு. என்ன சாப்பிட்டேன்னு சொல்லு."

அண்ணன் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. அவன் அழுது நாரே பார்த்ததே இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"எதுவுமே பிடிக்கல நாரே. காலையில எந்திரிக்கவே பயமா இருக்கு."

"இதை மாருகிட்ட சொன்னியா?"

அவன் தலையை ஆட்டி இல்லை என்றான்.

"வயித்துவலியை மறைச்சுக் கால்வலின்னு சொன்னா, டாக்டர் காலுக்குத்தானே மருந்து குடுப்பாரு?"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி தட்டினான்.

மாரு இந்த முறை சந்தோஷப்படவில்லை. சொன்னதற்கு நன்றி என்றது. இதற்குத் தான் மட்டும் போதாது, கல்லூரி ஆலோசகரை உடனே பேசச் சொல்லட்டுமா என்று கேட்டது. அண்ணன் சரி என்று தட்டினான். அவர் கூப்பிடும்வரை தனியாக இருக்க வேண்டாம் என்ற மாரு, இன்னொன்றும் கேட்டது: "இப்போ உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அண்ணன் திரும்பிப் பார்த்தான். நாரே புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என் தங்கச்சி இருக்கா" என்று தட்டினான்.