சுழற்சிக்கு வெளியே

விடை சரியாகத்தான் வந்திருந்தது. வரவே முடியாத இடத்தில் சரியாக வந்திருந்தது.

ஓடும் நிரலைக் கவனித்து, திரும்பத் திரும்ப வரும் பகுதியை, அதாவது சுழற்சியை, வேகமாக்கித் தரும் கம்பைலரில் ஜ்யோத்ஸ்னாவுக்கு வேலை. 'பொருள் இன்னும் இருக்கிறதா' என்று ஒவ்வொரு சுற்றிலும் பார்க்க வேண்டிய வரியை அது சுழற்சிக்கு வெளியே தூக்கி வைத்திருந்தது. தொடக்கத்தில் பார்த்ததோடு சரி. நடுவில் பொருள் அழிந்துபோனது சுழற்சிக்குத் தெரியவில்லை. இல்லாததைப் படித்துக்கொண்டே ஓடி, சரியான விடையையும் தந்தது.

"அந்தச் செக் வரியை உள்ளயே திருப்பி வை," என்றாள் கூட வேலை பார்க்கும் வைஷ்ணவி, நொய்டாவிலிருந்து வீடியோவில். "நடுவுல எது மாறும்னு யார் கண்டா?"

"அச்சா, வெக்கறேன்."

ஆர்.கே.புரத்துக் குவார்ட்டர்ஸில் ஜன்னல் கண்ணாடியை மூடுபனி வெளுப்பாக ஒட்டிக்கொண்டிருக்க, எங்கோ குப்பை எரியும் புகை கதவிடுக்கில் கசிந்துவர, தலைக்கு மேலே மாடிவீட்டு வெங்கடேஸ்வரன் ரப்பர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தார். அம்மா வேலையாகக் கவுகாத்தி போனதிலிருந்து அந்தச் சத்தம்தான் அவளுக்குத் துணை.

அவரைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. போன் செய்தாள்.

"நான் ரிடயர் ஆகித் திருச்சிக்கே வந்துட்டேனேம்மா," என்றார் அவர். "தீபாவளிக்கு முன்னாடியே. வீடு காலிதான். ஏன்?"

"ஒண்ணுமில்லை அங்கிள்."

மேலே நடை நிற்கவில்லை. ஜன்னலிலிருந்து கதவுக்கு. கதவிலிருந்து ஜன்னலுக்கு.

வீடியோ ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியை அப்படியே விட்டுவிட்டு, போனை மட்டும் எடுத்துக்கொண்டு படியேறினாள். வெள்ளையடிக்க வந்தவர்கள் பூட்டாமல் போயிருக்க வேண்டும். தள்ளியதும் கதவு திறந்தது. சுண்ணாம்பு வாடை. வெறும் அறை. தரையெங்கும் வெள்ளைத் தூசி, மாவு சலித்துக் கொட்டியதுபோல. அதில் ஒரே ஆளின் கால் தடம். அவளுடையது, இப்போது உள்ளே வந்தபோது பதிந்தது.

சத்தம் இல்லை.

வைஷ்ணவியை அழைத்தாள். யாராவது பேசினால் போதும் என்றிருந்தது.

"வைஷு, கொஞ்ச நேரம் பேசிண்டே இரு."

"வீடியோவுல எதிர்ல உக்காந்துண்டு எதுக்குடி தனியா போன்?"

"நான் மேல்வீட்டுல இருக்கேன்."

வைஷ்ணவி சிரித்தாள். "விளையாடாதே. நீ சேரை விட்டு எழுந்துக்கவே இல்லையே. தலையைக் குனிஞ்சுண்டு டைப் பண்ணிண்டிருக்கே."

ஜ்யோத்ஸ்னா மூச்சை அடக்கினாள். காலுக்குக் கீழே, தளத்துக்கு அடியில், மெல்லிய படபடப்பு. தட்டச்சு விசைகள். வேகமாக. அவள் வேகம்.

பிறகு அதுவும் நின்றது.

"ஜ்யோத்ஸ்னா." வைஷ்ணவியின் குரல் இறங்கியிருந்தது. "ஏன் மேல பாக்கறே?"

கீழே நாற்காலி பின்னால் நகர்ந்தது.