ஈ இல்லாத டிஸ்க்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் ஜீப் நின்றபோது மழை விட்டிருந்தது. ஈஸ்வரன் கேமராப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். பீர்மேட்டைச் சுற்றியிருக்கிற தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, சாவு எதுவானாலும் வீடியோ எடுப்பது அவன்தான். பிணங்களைப் பார்த்துப் பார்த்து அவன் கண் மரத்துப் போயிருந்தது. மூக்கு மட்டும் இன்னும் மரக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாசலை மிதிக்கும் முன்பே நாற்றம் வந்து முகத்தில் மோதியது. உள்ளே ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தியிருந்தார்கள். தரையெல்லாம் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அந்த இரண்டு வாசனைக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. இனிப்பாக, கொழகொழவென்று, நாக்கில் வந்து படிகிற மாதிரி. அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் வீட்டில் ஒரு நாற்றம் வருமே, அது.

கம்பெனி கைவிட்டுப் போன தோட்டம் அது. நல்லதம்பி என்பவன் லயத்தில் இரண்டு வீட்டைத் தன் வசமாக்கி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, விருந்தாளிகள் தங்கும் ஹோம்ஸ்டே நடத்திக்கொண்டிருந்தான். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுவதும் அவன்தான். செத்துப்போனது அவனுடைய அம்மா சுருளியம்மாள். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த கை அது.

“வாங்கண்ணே,” என்றான் நல்லதம்பி. “நேத்து ராத்திரிதான் உசுரு போச்சு. தூக்கத்துலயே போயிருச்சு. ஒரு கஷ்டமும் படல.”

சுருளியம்மாளைப் பட்டுப்புடவை கட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தாடைக்குக் கட்டுப் போட்டு, நெற்றியில் காசு ஒட்டி, மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். முகம் பச்சையும் கறுப்புமாக உப்பியிருந்தது. அதன் மேல் ஈ. ஆடி மழைக் குளிரில் மலையில் ஓர் ஈயைப் பார்ப்பதே அபூர்வம். இங்கே அப்பிக் கிடந்தது. உதட்டில், இமையில், பஞ்சின் ஓரத்தில். பச்சைப் பசேலென்று மினுங்கும் தடித்த ஈக்கள். விரட்டினால்கூட எழவில்லை.

ஈஸ்வரன் கேமராவைக் கீழே இறக்கினான். புடவைக் கரைக்குக் கீழே கணுக்காலில் ஒரு பழைய துணிக்கட்டு தெரிந்தது.

கட்டு அசைந்தது.

காற்றே இல்லை. லென்ஸை நெருக்கிப் பார்த்தான். துணிக்குள்ளிருந்து வடித்த சோற்றுப் பருக்கை மாதிரி ஒன்று நெளிந்து வெளியே வந்து தரையில் விழுந்தது. பின்னால் இன்னொன்று. லென்ஸை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

நேற்று ராத்திரி செத்த உடம்பு இப்படி இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. வந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதே துண்டால் வாயையும் பொத்திக்கொண்டார்கள். ஈஸ்வரனும் கைக்குட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது நல்லதம்பி தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனான்.

“தங்கச்சி இந்துவக் கோவிந்தாபுரத்துல கட்டிக் குடுத்துருக்கோம்ல. புள்ள பெத்து இன்னும் எந்திரிக்கல, அதான் வர முடியல. அதுக்கு டிஸ்க்காப் போட்டுக் குடுங்கண்ணே. போன்ல வேண்டாம், ஊரெல்லாம் சுத்திரும்.” குரலைத் தணித்தான். “இந்த ஈ வர்ற எடத்த மட்டும் வெட்டிருங்க. பச்ச ஒடம்புக்காரி, பாத்தா தாங்காது.”

தங்கை மேல் அவ்வளவு கரிசனம்.

அன்று சாயங்காலமே இந்து போன் பண்ணினாள். கல்யாணமாகிப் போன இடத்து ‘ங்க’ அவள் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, சுருளியம்மா மக இந்து பேசுறேனுங்க. அம்மா மொகத்த ஒரு தடவ பாத்தாப் போதும்ணே. சீக்கிரமாப் போட்டுக் குடுங்க.” கொஞ்ச நேரம் அழுதாள். “அம்மா கடைசில நல்லாத்தான இருந்துச்சு? நீங்க கிட்டக்க இருந்து எடுத்திருப்பீங்கல்ல?”

“நல்லா இருந்துச்சும்மா,” என்றான் ஈஸ்வரன். “தூங்குற மாதிரிதான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கினான். அது கசந்தது.

அவன் மனைவி ஆர்த்தி சட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி வைத்தாள். நாற்றம் போகவில்லை. கடைசியில் கம்பால் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

“அந்தம்மாவப் பின்னால விறகுக் கொட்டகைல போட்டு வச்சிருந்தான்னு லயத்துல பேசிக்கிறாக. கால் புண்ணு நாத்தத்துக்கு விருந்தாளிக ஓடிப் போயிருவாகளாம். ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லிருங்க.”

“நமக்கு எதுக்கு வம்பு? நான் படம் புடிக்கிறவன். புடிச்சமா குடுத்தமான்னு இருக்கணும்.”

ஆர்த்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். குப்பையில் போட்ட சட்டையையும் அதே பார்வைதான் பார்த்திருந்தாள்.

ஈஸ்வரனின் ஸ்டுடியோ பஜாரில் ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில் இருந்தது. முன்னால் கடை. பின்னால், வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்த சின்ன அறையில் கம்ப்யூட்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்கிற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத்தான் அவனும் அதில் போட்டிருந்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், வைரஸ் தொல்லை கிடையாது. பஜாரில் அவனுக்கு ‘ஓசி சிஸ்டம்’ என்றே பட்டப்பெயர். அவனுக்கு அதில் ரொம்பப் பிடித்தது திரையில் திறக்கிற கறுப்பு ஜன்னல்தான். கட்டளையைத் தட்டினால் காரியம் நடக்கும்.

பொறுமையாக உட்கார்ந்து ஈக்களை வெட்டினான். முகத்தை நெருங்கின இடமெல்லாம் போயிற்று. கணுக்கால் போயிற்று. மாலை விழுகிற இடங்களும் தூரத்துக் காட்சிகளும் மிஞ்சின. மிஞ்சினதைக் கோத்து, டிவிடிக்கு ஏற்றபடி மாற்றி, தலைப்பில் சுருளியம்மாளின் பழைய ரேஷன் கார்டு போட்டோவை வைத்தான். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தான். பளிச்சென்று இருந்தது. புது டிஸ்க்கை டிரைவில் போட்டு எழுதினான்.

எழுதின டிஸ்க்கைக் கடையிலிருந்த பழைய பிளேயரில் போட்டான்.

தூரத்துக் காட்சியில் சுருளியம்மாள் நாற்காலியில் இருந்தாள். முகத்தில் ஈ.

ஏதோ தப்பான துண்டைச் சேர்த்துவிட்டோம் என்று நினைத்து உள்ளே போய்ப் பார்த்தான். கம்ப்யூட்டரில் இருந்த படத்தில் ஓர் ஈகூட இல்லை. டிஸ்க்கில் இருப்பதையும் கம்ப்யூட்டரில் இருப்பதையும் ஒப்பிடச் சொல்லிக் கட்டளை கொடுத்தான். அந்த சிஸ்டத்துக்கு ஒரு குணம் உண்டு. வித்தியாசம் இருந்தால்தான் வாயைத் திறக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாது.

அது ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி ஒன்று எழுதினான். டிரைவ் வழக்கத்தைவிட அதிகமாக முனகியது. டிஸ்க்கை வெளியே எடுத்தபோது விரல் வழுக்கியது. அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. மஞ்சளாக, நூல் இழுக்கிற மாதிரி ஒரு நீர். முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. அறை முழுக்க லயத்து நாற்றம் அடித்தது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். டிஸ்க்கைத் துடைத்துப் பிளேயரில் போட்டான்.

நாற்காலியைக் காணோம். மாலையைக் காணோம். ஓர் இருட்டு அறை. அடுக்கி வைத்த விறகு. கீழே உரச்சாக்கு மேல் ஏதோ சுருண்டு கிடந்தது.

இந்த இடத்தை ஈஸ்வரன் படம் எடுக்கவே இல்லை.

சாக்கு மேல் கிடந்தது கையைத் தூக்கி முகத்து ஈயை விரட்டியது.

சுருளியம்மாள் உயிரோடு இருந்தாள். படம் அவள் காலைக் காட்டியபோது ஈஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினாலும் சத்தம் நிற்கவில்லை. ஆயிரம் ஈ ஒன்றாக ரீங்கரிக்கிற சத்தம். பக்கத்தில் தட்டில் கிடந்த சோறும் அசைந்துகொண்டிருந்தது. அவள் அதில் கை வைத்து அள்ளினாள்.

ஈஸ்வரன் தெருப் பக்கம் ஓடிச் சாக்கடையில் வாந்தி எடுத்தான். திரும்பி வந்தபோது அவள் தவழ்ந்து கதவுக்கு வந்திருந்தாள். பலகையை உள்ளங்கையால் தட்டினாள். பிறகு திரும்பி லென்ஸைப் பார்த்தாள். உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று ரீங்காரத்தில் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது என்று பிளேயரை அணைத்தான்.

மறுபடி ஒப்பிட்டான். கறுப்பு ஜன்னல் பேசவில்லை.

மறுநாள் காலையிலேயே நல்லதம்பி வந்துவிட்டான். “கோவிந்தாபுரம் பக்கம் ஒரு சவாரி இருக்குண்ணே. கையோட குடுத்துட்டு வந்துர்றேன்.”

“ஒரு தடவ பாத்துரு,” என்று ஈஸ்வரன் டிஸ்க்கைப் போட்டான். இவன் பார்க்கட்டும், பார்த்துவிட்டு இவனே வேண்டாம் என்று சொல்லட்டும் என்று அவனுக்கு ஆசை.

திரையில் விறகுக் கொட்டகை. சாக்கு. சோறு. நல்லதம்பி தலையை ஆட்டி ஆட்டி ரசித்துப் பார்த்தான்.

“நல்லா வந்துருக்குண்ணே. மால போடுறது, பேரன் கும்புடுறது, எல்லாம் இருக்கு. ஒரு ஈ இல்ல.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் மீசையில் ஒரு பச்சை ஈ உட்கார்ந்திருந்தது. நிதானமாக உதட்டுக்கு இறங்கி, பல்லைத் தாண்டி உள்ளே போயிற்று. நல்லதம்பி எச்சிலை விழுங்கிவிட்டுச் சிரித்தான்.

அந்தக் கொட்டகைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டது யார் என்று கேட்டுவிட ஈஸ்வரனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தால் தன் வாய்க்குள்ளும் ஈ போய்விடும் என்று மூடிக்கொண்டான். அது வெறும் நொண்டிச் சாக்கு என்று அவனுக்கே தெரியும். டிஸ்க்கை உறையில் போட்டு நீட்டினான். தன்னை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நீட்டினான்.

ஜீப் போன பிறகு அறையை முழுக்கக் கழுவினான். டிரைவைக் கழற்றி எறிந்தான். படத்தை அழித்தான். தாழ்ப்பாளைப் போட்டான். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் இந்து போன் பண்ணினாள். இந்தத் தடவை அழுகை இல்லை.

“டிஸ்க் பாத்தேனுங்கண்ணே.”

“ம்.”

“தூங்குற மாதிரி இருந்துச்சுன்னீங்க.”

ஈஸ்வரன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“எங்க ஊட்டுக்காரரும் பாத்தாரு. நாளைக்கு அங்க வந்து போலீஸ்ல குடுக்கப் போறோம். அண்ணன அவுங்க பாத்துக்குவாங்க. அத விடுங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“அம்மா உங்களப் பாத்துத்தானுங்க பேசுது. ஈஸ்வரா, கதவத் தொறய்யா, ஈஸ்வரா, கதவத் தொறய்யான்னு உங்க பேரச் சொல்லித்தான் கூப்புடுது. கேமரா கீழ சாயுறப்ப உங்க செருப்புத் தெரியுது. கதவுகிட்டத்தான் நிக்கிறீங்க.” ஒரு மூச்சு விட்டாள். “ஏண்ணே தொறக்கல?”

“நான் அங்க போகவே இல்லம்மா. சத்தியமா அந்தக் கொட்டகைய நான் பாத்ததுகூட இல்ல.”

“எட்டித் தாழ்ப்பாள எடுத்தாப் போதும்ணே,” என்றாள் இந்து. போனை வைத்துவிட்டாள்.

ஈஸ்வரன் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆர்த்தி வீட்டில் இருந்தாள். பின் அறையில் யாரும் இல்லை.

பின் அறைக் கதவு தட்டப்பட்டது.

நின்றுகொண்டு தட்டுகிற உயரத்தில் இல்லை. கீழே, தரையோரம். உள்ளங்கையால்.

கதவிடுக்கில் மஞ்சளாக ஒரு நீர் கசிந்து சிமெண்ட் தரையில் பரவியது. நாற்றம் எழுந்தது. இப்போது ரீங்காரம் இல்லை. குரல் தெளிவாகக் கேட்டது. கிழட்டுக் குரல், வறண்ட தொண்டை.

“ஈஸ்வரா. கதவத் தொறய்யா.”

தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

எழுந்தான். தாழ்ப்பாளைப் பார்த்தான். உள்ளே சாக்கு மேல் என்ன கிடக்கும், அதன் கால் எப்படி இருக்கும் என்று நினைத்த மாத்திரத்தில் பின்வாங்கினான். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஷட்டரை இழுத்து இறக்கினான். குனிந்து பூட்டைப் போட்டான்.

பக்கத்துக் கடை மிக்கேல்ராஜ் பேக்கரி வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஷட்டரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஈஸ்வரா, உள்ள யாரையோ வச்சுப் பூட்டிட்டுப் போறியே. தட்டுற சத்தம் கேக்குதுல்ல?”

“யாரும் இல்லண்ணே,” என்று சொல்லிவிட்டு, பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு ஈஸ்வரன் நடந்தான்.