முப்பதாவது கால்

லாரி விபத்தில் மச்சான் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் காலை, மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கும் எங்கள் பரிசோதனை அறைக்கு அக்கா வந்தாள்.

"பிரேக்கை மிதிக்கவே இல்லையாம்டா. குடிச்சிட்டு ஓட்டினாருன்னு தெருவே பேசுது. அவர் தொட்டதே இல்லையே! நீதானே கடைசியா அவர் காலைப் பார்த்தே?"

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நோயில்லாத முப்பது பேரின் கால் நரம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளப்பது என் வேலை. முழங்காலுக்குப் பின்னால் காந்தச் சுருளை வைத்துப் பொத்தானை அழுத்தினால் டக்கென்று சத்தம் வரும், பாதம் துள்ளும், திரையில் அலை எழும். இருபத்தொன்பது பேர் முடிந்திருந்தார்கள். கடைசி ஆளாக மச்சானைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன்.

"வலது கால் அடிக்கடி மரத்துப்போகுது மாப்ள."

"நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டினா யாருக்கும் அப்படித்தான் மச்சான். பேசாம படுங்க."

அலை தாமதமாகத்தான் வந்தது. அப்போதே ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பாவி, பாதத்தில் ஒட்டிய வயரைக் கணுக்கால் பக்கம் நகர்த்தினேன். சுருளுக்கும் வயருக்கும் தூரம் குறைந்தால் அலை வரும் நேரமும் குறையும். எண் சரியாக வந்தது. 'ஆரோக்கியமானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"சொல்லுடா."

"நல்லாத்தான்கா இருந்துச்சு."

டக்.

சுருள் காலிக் கட்டிலின் மேல் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

ஒரு கணம் கழித்து என் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது.

"என்னடா அது?" அக்கா ஓர் அடி பின்வாங்கினாள்.

ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்தது. அறைக்குள் டீசல் நாற்றம் மெல்லப் பரவியது.

டக்.

மறுபடியும் மிதித்தது. அக்கா என் பாதத்தையே பார்த்தாள். "பிரேக் பிடிக்கிற மாதிரி..." என்று முணுமுணுத்தாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கதறிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் அழவில்லை, அடிக்கவுமில்லை. "இதை அப்படியே எழுதிக் கொடு. தெருவுக்கே படிச்சுக் காட்டணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள்.

அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் மச்சான் விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

ப்ளக் தரையில் கிடக்கிறது.

டக்.

கால் மிதிக்கிறது. கொஞ்சம் தாமதமாக.