பொட்டு வைத்த படம்

பிரேமிளா டீச்சருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அதுதான் வினையாகப் போனது.

கலஹாவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. போர்க்காலத்தைப் பற்றிப் படிக்க, வீட்டில் பத்திரப்படுத்திய ஒரு பொருளைக் கொண்டுவரும்படி பத்தாந்தரப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். ஒருத்தன் பழைய ரேடியோவோடு வந்தான். சிந்துஜா கொண்டுவந்தது அப்பா ராஜலிங்கத்தின் படம். பதினாறு வருடத்துக்கு முன், பிலிமத்தலாவைக் கடைக்கு வேலைக்குப் போனவரை யாரோ வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிந்துஜா அப்போது வயிற்றில். ஆள் திரும்பவேயில்லை.

பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம், சாமிப் படத்துக்கென்று வாங்கிய மாலையை டீச்சர் அந்தப் படத்துக்குப் போட்டு, சந்தனப் பொட்டும் வைத்து, விளக்கேற்றிவிட்டாள். மரியாதைதானே என்று நினைத்தாள்.

திரும்பி வந்த சிந்துஜாவின் முகம் வெளுத்தது.

"கழட்டிருங்க டீச்சர். அப்பா செத்துட்டாருன்னு யாரும் சொல்லல. அம்மா இன்னும் பொட்டு வச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"பதினாறு வருஷமாச்சும்மா. இன்னும் எத்தன நாளைக்கு?"

பிள்ளை படத்தைக்கூட எடுக்காமல் அழுதுகொண்டே போய்விட்டாள்.

இரண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கியது. வகுப்பைப் பூட்ட வந்த டீச்சருக்கு ஈரமண் நாற்றம் அடித்தது. கூடவே டீசல் நாற்றமும்.

மாலை தரையில் கிடந்தது. பூவெல்லாம் மிதிபட்டிருந்தது.

காற்றாயிருக்கும் என்று எடுத்து மறுபடியும் போட்டாள். அவள் பிடிவாதம் அப்படி.

விளக்கு அணைந்தது.

பிடரியில் ஒரு மூச்சு.

"யாருடி செத்தது?"

ஈரக்கை ஒன்று கழுத்தை அழுத்தி, அவள் முகத்தைப் படத்தில் வைத்துத் தேய்த்தது. "தெரியாமச் செஞ்சிட்டேன், மன்னிச்சிருங்க" என்று கதறியபடி மாலையைப் பிய்த்தெறிந்தாள். முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். பிடி தளர்ந்தது. விட்டால் போதுமென்று ஓடினாள்.

கட்டுகஸ்தோட்டையில் அவள் தனியாக இருக்கும் வீட்டுப் படியேறும்போது போன் அடித்தது. சிந்துஜாவின் அம்மா ஞானேஸ்வரி. அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள்.

"டீச்சர், அவரு வந்துட்டாரு. கொஞ்சங்கூட வயசாகல. ஒடம்பெல்லாம் மண்ணு. உள்ள வாங்கன்னா வரமாட்டேன்னுட்டாரு. ஒங்க வீடு எங்கன்னு மட்டுந்தான் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாதே டீச்சர். சிந்துஜாதான் வழி சொல்லிக் குடுத்தா."

டீச்சர் சாவியும் கையுமாக நின்றாள்.

பூட்டியிருந்த வீட்டுக்குள் யாரோ கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.