மூடாத மேல்மண்

தீவின் குப்பைக்கிடங்கில் அந்த ஒரு பள்ளம் மட்டும் மூடவே மாட்டேன் என்றது.

குப்பை எப்படித் தாழும் என்பது கிடங்கின் மேற்பார்வையாளரான அவளுக்கு அத்துப்படி. மண் பரப்பி இறுக்கியபின், உள்ளே மக்குவது மக்கி வாயுவாகிக் குழாய் வழியே வெளியேற, மேடு தாம்பாளம் போல அகலமாக, மெல்லத் தாழும். இது அப்படியில்லை. ஓர் ஆள் மல்லாந்து படுக்கும் நீளம். வெட்டி எடுத்தது போன்ற ஓரங்கள். மாலையில் நிரப்பினால் காலையில் பழையபடி. சரளை கொட்டினார்கள், அதையும் விழுங்கியது. குனிந்தால் அழுகல் வாடை இல்லை. தூங்கி எழுந்த வாயின் வாடை.

காலையில் கிடங்கைச் சோதிக்க அதிகாரி வருகிறார். பள்ளத்தைப் பார்த்தால் கிடங்குக்குச் சீல். வேறு இடமில்லாத தீவில் குப்பையைக் கடற்கரையில்தான் எரிப்பார்கள், அவளும் தம்பியும் இருக்கும் வீட்டுக்கு நேர் எதிரே. தம்பி மகளுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு.

அந்தத் தம்பிதான் கிடங்கில் புல்டோசர் ஓட்டுகிறவன்.

"விடுடா, இருட்டப் போகுது."

"பாப்பா அந்தப் புகைய ஒரு நாள் தாங்கமாட்டாக்கா. உள்ள எறங்கி மிதிச்சு இறுக்கிட்டு வந்துடறேன். நீ போய் வண்டி லைட்டப் போடு, பயந்தாங்கொள்ளி!"

சிரித்துக்கொண்டே குதித்தான். அவள் நடந்தாள், பின்னால் அவன் பூட்ஸ் தொம் தொம்மென்று மண்ணை மிதிக்கும் சத்தமும், அதற்குக் கீழே, யாரோ எச்சிலைக் கூட்டி விழுங்குவது போன்ற இன்னொரு சத்தமும் கேட்டன.

விளக்கைப் போட்டாள்.

சமமான மண். பள்ளம் இல்லை.

தம்பி இல்லை.

கையால் பறித்தாள். நகம் பெயர்ந்தது. கடப்பாரை வளைந்தது. விடியும்வரை அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

"தோண்டணும் சார். என் தம்பி உள்ள இருக்கான்."

"மூடின மண்ணத் தோண்டக் கூடாதும்மா," என்றார் அதிகாரி. "உள்ள இருக்கற வாயு பத்திக்கும். உங்களுக்குத் தெரியாததா? தம்பி எங்கயாவது போயிருப்பாரு, வந்துடுவாரு."

அவளுக்குத் தெரியும். கிடங்கில் எல்லோருக்கும் அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

அதிகாரி காலால் தட்டிப் பார்த்தார். "அருமையா செட்டாயிருக்கு. பக்கத்துல மட்டும் சின்னதா ஒண்ணு எறங்கியிருக்கு, பாருங்க. சாயங்காலத்துக்குள்ள மூடிட்டீங்கன்னா சீல் வேண்டாம்."

பார்த்தாள். வெட்டி எடுத்தது போன்ற ஓரங்கள். ஒரு குழந்தை படுக்கும் நீளம்.

மூடும் வழி இப்போது தெரிந்துவிட்டது. மண் போட்டால் நிற்காது. அந்த அளவுள்ள ஓர் உயிர் உள்ளே போனால்தான் நிற்கும்.