எல்.கே.ஜி.க்கு ஓர் அடம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் சந்திரக் குடியிருப்பின் பெற்றோர்கள் அவரவர் வீட்டுச் சுவர்த்திரை முன் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு அடம்பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள்.

"கேட்டதைக் கொடுக்காதீங்க. காரணமும் சொல்லாதீங்க," என்றார் திரையில் டாக்டர் பர்வீன். அவர் இருந்தது பூமியில், திருச்சியில்.

தஷ்வந்த் பஞ்சுமிட்டாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். நாலு வயது மகள் இமையா, "சரிப்பா," என்று கைகட்டி உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாம் சாந்தச்சில்லு செய்த வேலை. பிறந்த கையோடு காதுக்குப் பின்னால் பொருத்திவிட்டால் பிள்ளை அழாது, உருளாது, எதிர்த்துப் பேசாது என்றார்கள். பெற்றோர்கள் வரிசையில் நின்று பிள்ளைகளுக்குப் பொருத்தினார்கள். இயந்திரம் தப்பான கதவைத் திறந்து 'வெளியே போ' என்றாலும் இந்தப் பிள்ளைகள் காற்றில்லாத நிலவெளிக்குச் சமர்த்தாகக் கிளம்பிவிடும் என்பது அறிஞர் பெருமக்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. சில்லைக் கழற்ற முடியாது. பழக்கத்தால் மீறலாம், அவ்வளவுதான். ஆகவே புது விதி: எல்.கே.ஜி. சேர, மருத்துவர் முன்னிலையில் ஒரு முழு அடம். பெற்றோர் குறுக்கிடாமல் மூன்று நிமிடம். தேறாத பிள்ளையைப் பூமியிலுள்ள விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். இமையாவுக்கு இன்று கடைசி வாய்ப்பு.

"நீங்க சின்ன வயசுல அடம் பிடிச்சதுண்டா சார்?" என்று கேட்டார் டாக்டர்.

தஷ்வந்தின் முகம் கனிந்தது. "தி.நகர்ல மேடம், ஜவுளிக்கடையில. பச்சை பலூன்தான் வேணும்னு உருண்டேன் பாருங்க! அந்தத் தரை என்ன குளுகுளுன்னு இருக்கும்! புதுத்துணி வாசனை, மல்லிப்பூ வாசனை, அப்பா நெத்தியில புடைச்ச நரம்பு... அப்படி மனசார அழுது எத்தனை காலமாச்சு!"

"உங்க புராணம் போதும்," என்றாள் மனைவி மிருதுளா. "மிட்டாயைத் தின்னுங்க. அவ கண்ணு முன்னாடியே."

தின்றான். கடைசி வாயை விழுங்கும்போது இமையாவின் கீழுதடு பிதுங்கியது.

"அது... என்னோடது!"

வந்தது பாருங்கள் அலறல்! தரையில் விழுந்து உருண்டாள். நிலவில் ஈர்ப்பு குறைவல்லவா, ஒவ்வொரு உதைக்கும் ஓரடி எழும்பி, மெல்ல இறங்கி, இறங்கியதும் மறுபடி உதைத்தாள். மிருதுளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் ராசாத்தி!"

"பிரமாதம்! யாரும் அசையாதீங்க. இன்னும் ஒரே நிமிஷம்," என்றார் டாக்டர்.

தஷ்வந்துக்குக் காதெல்லாம் சூடேறியது. கை அது பாட்டுக்குச் சட்டைப்பைக்குள் போயிற்று. கைத்திரையை எடுத்தது, பொம்மைப் படம் ஒன்றைத் தட்டியது, மகளின் மூக்குக்கு நேரே நீட்டியது.

"இந்தா கண்ணு, யானை பாரு, யானை!"

அலறல் நின்றது. இமையா அந்தரத்திலிருந்து இறகு போல் இறங்கி, திறந்த வாய் மூடாமல் யானையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அட பாவி மனுஷா!" என்று மிருதுளா தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன சார் பண்ணிட்டீங்க?"

"இல்ல மேடம்..." தஷ்வந்த் குரலைத் தாழ்த்தினான். "எல்லாரும் பாக்கறாங்க."

"யாரு?"

தஷ்வந்த் திரும்பிப் பார்த்தான். அறையில் அவர்கள் மூன்று பேர்தான். ஜன்னலுக்கு வெளியே நிலவு, ஆள் அரவமே இல்லாமல், அடிவானம் வரைக்கும் கிடந்தது.